அந்த வீட்டு மருமகள் ஓடுகிறாள்

விடியற்காலையில் ஓடினால் சுத்தமான காற்று கிடைக்கும் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான். அவன் ஒரகடம் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. எங்கள் பிள்ளைப்பாக்கத்திலிருந்து சிப்காட் சாலையில் ஏறியதும் முதலில் வரவேற்பது கோழிக்கழிவு. எந்தக் கடைக்காரனோ மூட்டை கட்டி ஓரத்தில் வீசிவிட்டுப் போயிருப்பான். அதைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும்; டிரைவர்கள் டயருக்குப் பக்கத்தில் நின்றபடி அவசரத்தை முடித்துக்கொண்டிருப்பார்கள். அதையும் தாண்டினால் குப்பை எரியும் புகை. இவ்வளவையும் மூக்கால் இழுத்துக்கொண்டுதான் நான் மாரத்தானுக்குத் தயாரானேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நினைத்தால் இப்போதும் தொண்டையில் அந்தக் கோழிக்குடல் நாற்றம் வந்து நிற்கிறது.

நான் கார் கம்பெனிகளுக்கு வயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி அனுப்புகிற ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகன், மாமியார், கல்யாணம் ஆகாத நாத்தனார் என்று ஐந்து பேர் இருக்கிற வீடு. நாத்தனாரும் ஒரு மொபைல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போனவள்தான். இந்த வீட்டில் நான் ஓட ஆரம்பித்தது உடம்பு இளைக்கவோ, மனசு லேசாகவோ அல்ல. ஒருநாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன். சாப்பாட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சிக்னலில் பஸ் மாட்டிக்கொண்டது, பிடித்துவிட்டேன். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது பக்கத்து சீட்டுப் பெண் பரிதாபமாகப் பார்த்தாள். எனக்கோ சிரிப்பாக வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை. அதற்கப்புறம் பஸ் இல்லாமலேயே ஓட ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் அந்தச் சந்தோஷத்தை யாரும் சும்மா விடவில்லை. முதலில் உடம்பே விடவில்லை. சி ஷிஃப்ட் வாரத்தில் விடிய விடிய நின்றுவிட்டு வந்து ஓடினால் வாந்தி வரும். ஓடாமல் படுத்தால் தூக்கம் வராது. கட்டைவிரல் நகம் கறுத்து, ஒருநாள் குளியலறையில் கழன்று விழுந்தது. என் மகன் அதை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தான். டீச்சர் ஃபோன் போட்டு, "உங்க பையன் பேக்ல நகம் வெச்சிருக்கான், வீட்ல ஏதாவது பிரச்சனையா மேடம்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? கருமம்.

என் சாக்ஸை வீட்டுக்குள் போடக்கூடாது என்று மாமியார் சட்டம் போட்டிருந்தார். "செத்த எலி கணக்கா நாறுது" என்பார். உண்மைதான், நாறும். வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பிரச்சனை. நீண்ட ஓட்டம் அன்றைக்குத்தான். ஓடிவிட்டு வந்து சமைத்து, துணி துவைத்து, சாயங்காலம் சினிமாவுக்குப் போனால் டைட்டில் போடும்போதே தூங்கிவிடுவேன். ஒருதடவை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார். "டிக்கெட் எடுத்து தூங்கற ஒரே ஆளு நீதாண்டி" என்றார். கூட வேலை செய்கிற பெண்கள் மகாபலிபுரம் போனார்கள், நான் போகவில்லை. எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னது, "ஜாலியா இருக்கத் தெரியாதவ" என்று. ஓடுவதுதான் எனக்கு ஜாலி என்று சொன்னால் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பார்கள்.

கம்பெனியில் ஒருநாள் கான்டீன் ஹாலில் கூட்டம் போட்டார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் செய்து முடித்த பெரிய மனிதராம், பேச வந்திருந்தார். போர்டில் ஒரு வட்டம் போட்டு, கோடு கிழித்து அதை நாலாகப் பிரித்தார். வேலை, குடும்பம், பயிற்சி, கொண்டாட்டம். நாலையும் சமமாக வைத்துக்கொண்டால் வாழ்க்கை உருளுமாம். நான் எழுந்து, "சார், இதுல தூக்கம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "உங்க வீட்ல துணி யார் சார் துவைக்கிறது?" என்று அடுத்ததைக் கேட்டேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எச்.ஆர். அம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அதே எச்.ஆர். அம்மா அடுத்த வாரம் என்னைக் கம்பெனி டீ-ஷர்ட்டில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். "ஆரோக்கியமே நம் பலம்" என்று எழுதி, என் முகத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கான்டீனில் கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டினார்கள். எல்லாரும் வாய் கொப்பளித்துத் துப்புகிற இடம் அது. ஒரு மாதத்தில் என் மூக்கில் சாம்பார், தாடையில் வெற்றிலை எச்சில். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குமட்டும். சரி, படம் மாட்டினார்களே, மாரத்தான் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைக்காவது லீவு கொடுத்தார்களா? சூப்பர்வைசர் சொன்னார்: "மா, அன்னிக்கு டிஸ்பாட்ச் கீது. ஓ.டி. வந்தே ஆவணும். ஓடறதெல்லாம் உன் பர்சனல்." போஸ்டரில் இருப்பது மட்டும் கம்பெனிக்குச் சொந்தம் போலிருக்கிறது. கடைசியில் பொங்கல் ஓ.டி.யை நான் பார்ப்பதாக இன்னொரு லைன் லீடரிடம் கெஞ்சி, அந்த ஞாயிற்றுக்கிழமையை வாங்கினேன்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று இருந்தவள் நாத்தனார் ஒருத்திதான். ஷிஃப்ட் ஒத்துவருகிற நாட்களில் ஸ்கூட்டியில் என் பின்னாலேயே வருவாள். நாய்களுக்கு ஹார்ன் அடிப்பாள். பைக்கில் பக்கத்தில் வந்து, "இன்னா அக்கா, யாரு தொரத்தறாங்க?" என்று இளிக்கிறவன்களை அவள் வாயாலேயே விரட்டிவிடுவாள். "உங்கம்மாதாண்டா தொரத்துது" என்று ஒருத்தனிடம் சொன்னாள் பாருங்கள், எனக்கு ஓட முடியவில்லை, சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. கூடப் பிறந்தவள்கூட அப்படி வரமாட்டாள்.

அவளுக்குத்தான் மண்ணூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ஒரே பிள்ளை, ஒரு கம்பெனியில் பெர்மனென்ட் வேலை. சொந்த வீடு, மாடியை வெளியூர்ப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது. பையன் அன்றே நம்பர் வாங்கிவிட்டான். அடுத்த நாளிலிருந்து என் பின்னால் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தாள். ஒரு நாய் என் கெண்டைக்காலை நக்குகிற அளவுக்கு வந்த பிறகுதான் ஹார்ன் அடித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டால் மட்டும் போதாது, ஊரில் வந்து விசாரிப்பார்கள். அதென்ன வழக்கமோ! பெண்ணிடம் நேரில் கேட்க வாய் வராது. முன்பின் தெரியாத டீக்கடைக்காரரிடம், சலூனில், மளிகைக் கடையில் எல்லாம் கேட்பார்கள். வீட்டு ஆட்களின் குணம் என்ன, யார் குடிக்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்று தெருவில் நின்று நம் குடலை உருவி மோந்து பார்ப்பார்கள். பையனின் தாய்மாமன் அப்படித்தான் எங்கள் முக்கு டீக்கடைக்கு வந்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்துத் தரகரின் ஃபோன் வந்தது. நான் அப்போது கொல்லையில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மாமியார் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"அவங்க வேணாங்கறாங்கம்மா" என்றார் தரகர்.

"இன்னாத்துக்கு? பொண்ணு புடிச்சிருக்குன்னுதானே சொன்னாங்க?"

"பொண்ணு மேல ஒண்ணும் இல்லமா. வூட்டு மருமவ ஓடிப்போச்சாமே. அத நீங்க மறைச்சிட்டீங்கன்னு கோவப்படறாங்க."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மீனைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தேன்.

"யாரு ஓடிப்போனா? இதோ குந்திகினு செதிலு எடுக்கறா!" என்று மாமியார் ஃபோனுக்குள் கத்தினார். "எவன்யா சொன்னான் உனக்கு?"

டீக்கடையில் சொன்னார்களாம். கையைக்கூடக் கழுவவிடாமல் மாமியார் என்னை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார், நான் ஓடிப்போகவில்லை என்பதற்குச் சாட்சியாக. டீக்கடைக்காரர் பாவம், நடுங்கிப்போனார். "நான் தப்பா ஒண்ணுமே சொல்லலையே. மருமவ எப்படின்னு கேட்டாரு. அது ஓடிச்சுப்பா, மொதல்ல வூட்ல பெரிய சண்டை, அப்பறம் புருசன் வுட்டுட்டான்னு சொன்னேன். வாஸ்தவம்தானே?"

வாஸ்தவம்தான். நான் ஓடினேன். வீட்டில் சண்டை வந்தது. வீட்டுக்காரர் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கேட்டவர் காதில் அது வேறு கதையாக விழுந்திருக்கிறது: நான் எவனோடோ ஓடினேன், வீட்டில் சண்டை, புருஷன் என்னைக் கைவிட்டுவிட்டான். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் கையிலிருந்து மீன் தண்ணீர் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு அந்தக் கடை, அந்தப் பாய்லர், அந்தக் கண்கள் எல்லாவற்றின் மேலும் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

எப்படியோ பேசிப் புரியவைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் வந்தார்கள். அந்தத் தாய்மாமன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சிரித்தார். நாத்தனார் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் காபி கொண்டுவந்து வைத்தேன். பையனுடைய அம்மா என்னைக் காலிலிருந்து தலை வரை அளந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எங்க அண்ணனுக்குக் காது கொஞ்சம் அப்படி இப்படி. சரி, நீ இன்னாத்துக்கு ஓடற? சுகரா?"

"சுகர் எல்லாம் இல்லீங்க. மாரத்தான் ஓடப்போறேன்."

"பிரைஸ் குடுப்பாங்களா?"

"எனக்குக் கிடைக்காதுங்க. ஓடி முடிச்சா ஒரு மெடல் குடுப்பாங்க. அவ்ளோதான்."

"அதுக்கா தெனமும் ரோட்ல ஓடற? பேன்ட் போட்டுகினா?"

"ஆமாங்க."

அந்தம்மா யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார் பாருங்கள், அதைச் சாகும்வரை மறக்கமாட்டேன். "நான் சொல்றேன்னு கோச்சிக்காத. ஓடிப்போனவன்னாகூட ஜனங்க ஒரு வாட்டி பேசிட்டு வுட்டுடுவாங்க. நீ தெனமும் ஓடற. தெனமும்ல பேசுவாங்க?"

அப்புறம் அவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிவிட்டார். நிச்சயதார்த்தம், கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் வந்து போகிற நேரம், இந்த ஓட்டத்தை நிறுத்திவிடச் சொல்லுங்கள், அதற்கப்புறமும் வேண்டாம், நம் ரெண்டு குடும்பத்துக்கும் கௌரவமாக இருக்கும் என்றார். என் கால் என்று ஒன்று அந்தக் கூடத்தில் இருப்பதாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. ஏதோ வீட்டு முன்னால் நிற்கிற ஓட்டை வண்டியை அப்புறப்படுத்தச் சொல்வது மாதிரிக் கேட்டார்கள். பையன் வாயே திறக்கவில்லை, முறுக்கை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தான். அவன் மென்ற சத்தம் எனக்கு இன்னமும் காதில் கேட்கிறது, சீ.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "கல்யாணம் முடியற வரைக்கும்தானே... இன்னா சொல்ற?" என்றார்.

"மாட்டேங்க" என்றேன்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அது தானாக வந்துவிட்டது.  பையனின் அம்மா எழுந்தார், எல்லாரும் எழுந்தார்கள். காபியை யாரும் தொடவில்லை, ஆடை படிந்து கிடந்தது. அதையெல்லாம் எடுத்துக் கொட்டியதும் நான்தான்.

அன்று நாத்தனார் சமையற்கட்டுக்கு வந்தாள். பட்டுப்புடவையை இன்னும் மாற்றவில்லை. கண் மை கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது.

"அண்ணி, பொய்யாவாவது சரின்னு சொல்லியிருக்கலாம்ல? கல்யாணம் ஆனப்பறம் நீங்க ஓடினா யாரு வந்து புடிக்கப்போறாங்க?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் வாயில் வந்திருக்காது. பொய் சொல்லி வாங்குகிற அனுமதியை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு ரோட்டில் இறங்குவது? அதை அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. "நான் நிறுத்தினா நீ அந்த வீட்ல எப்படி இருப்ப, யோசிச்சியாடி? என்னையே இப்படி கேக்கறவங்க உன்னை எதுக்கெல்லாம் கேப்பாங்க?" என்றேன்.

"அத நான் பாத்துக்கறேன். உங்களுக்கு ஓட்டம்தான் முக்கியம். எனக்கு அவருதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் என்னோடு பேச ஆள் இல்லை. மாமியார் பாத்திரங்களோடு பேசினார். வீட்டுக்காரர் மகன் வழியாகப் பேசினார். "உங்கம்மாகிட்ட சட்ட பட்டன் தெக்க சொல்லுடா" என்பார், நான் முன்னாலேயே நிற்பேன். நாத்தனார் அதுவும் இல்லை. நான் தனியாக ஓடினேன். நாய்கள் துரத்தின, பைக்கில் வந்தவன்கள் இளித்தான்கள், ஒருத்தன் குட்கா எச்சிலை என் ஷூ மேலேயே துப்பிவிட்டுப் போனான். பிடிவாதத்தால் ஓடினேனே தவிர, ஒருநாள்கூட அதில் பழைய சந்தோஷம் இல்லை.  நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்ற எண்ணம் ஒவ்வொரு அடிக்கும் கூடவே வந்தது. இல்லை, கெடுப்பவர்கள் அவர்கள்தான் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

மாரத்தானுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அது நடந்தது. ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் பஸ் நிற்கிற இடத்தில் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் அப்போது ஏ ஷிஃப்டில், அதாவது காலை ஷிஃப்டில், இருக்கவேண்டியவள். கம்பெனி பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எனக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள். யூனிஃபார்ம் இல்லை. புதுச் சுடிதார், தோளில் பெரிய பை. பக்கத்தில் மண்ணூர்ப் பையன், பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்தவன் போல, ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டு நின்றான்.

நான் ஓடுவதை நிறுத்தினேன். பார்த்த உடனே புரிந்துவிட்டது.  அவள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் உடம்பெல்லாம் வேர்வை, புகை, ரோட்டு அழுக்கு. அவளுடைய புதுச் சுடிதார் ஈரமாகிவிட்டது.

"சொல்லிடாதீங்க அண்ணி. காஞ்சிபுரம் போறோம். அவரு ஃப்ரெண்டு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாரு."

"அக்கா, எங்கம்மா ஒத்துக்கவே..." என்று அந்தப் பையன் ஆரம்பித்தான்.

"நீ வாய மூடு. அன்னிக்கு முறுக்கு திங்கும்போது தொறந்திருக்கணும்" என்றேன்.

அவளிடம் கேட்க எனக்கு நிறைய இருந்தது. இவனை நம்பிப் போகிறாயே, வாயில்லாத இவன் உனக்காக என்ன பேசிவிடுவான் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவள் இன்னும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். நீண்ட ஓட்டத்துக்காக இடுப்புப் பையில் வைத்திருந்த கடலைமிட்டாயை எடுத்து அவள் கையில் திணித்தேன். வேர்வையில் பிசுபிசுத்துப் போயிருந்தது, அப்படியே வாங்கிக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறிவிட்டார்கள். நான் வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடினேன், வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

மத்தியானத்துக்குள் ஊரே தெரிந்துகொண்டது. பையனின் அம்மா அந்தத் தாய்மாமனோடு வந்து எங்கள் வாசலில் நின்று கத்தினார். "என் புள்ளைய இழுத்துகினு ஓடிட்டாளே! வூட்டோட இதே பொழப்பா?" மாமியார் சும்மா இருப்பாரா? "உன் புள்ள இன்னா சின்ன கொழந்தையா, இடுப்புல தூக்கிகினு போறதுக்கு?" என்று பதிலுக்குக் கத்தினார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் துணி துவைத்த கையோடு, சோறு பிசைந்த கையோடு வந்து நின்று பார்த்தார்கள். ஒரு கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரிதான் இருந்தது, பந்தல் மட்டும்தான் இல்லை.

திடீரென்று அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "நீதான் விடிஞ்சா ரோட்லயே கெடக்கறவளாச்சே. நீ பாத்திருப்பியே! எந்தப் பக்கம் போனாங்க? சொல்லு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் பார்த்தார். மாமியார் பார்த்த பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

"ஓடும்போது நான் யாரையும் பாக்கறதில்லீங்க" என்றேன்.

மாரத்தானையும் ஓடினேன். அதைப்பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதி தூரத்துக்கு மேல், தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீர் ஷூவுக்குள் போய்ச் சளக் சளக் என்றது. முன்னால் ஓடியவர் வாந்தி எடுத்தார், நான் அதைத் தாண்டிக் குதித்தேன். வழியெங்கும் பிளாஸ்டிக் கப். முடிவுக் கோட்டில் முன்பின் தெரியாத ஓர் ஆள் என் கழுத்தில் மெடலை மாட்டிவிட்டு, "அடுத்த ஆள், அடுத்த ஆள்" என்று கத்தினார். ஆனாலும் முடித்தேன். உட்கார்ந்து அழுதேன், யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் உப்புத் தண்ணீர் பக்கெட்டில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் பிரியாணி வாங்கி வந்திருந்தார். "இந்தா, தின்னு" என்று நேராக என்னிடமே சொன்னார். இத்தனை நாளுக்கப்புறம் அது போதும் எனக்கு. மகன் மெடலை மாட்டிக்கொண்டு தெருவில் சுற்றிக்கொண்டிருந்தான். அப்போது நாத்தனாரின் ஃபோன் வந்தது. தாலி கட்டிக்கொண்ட பிறகு அவளிடமிருந்து வந்த முதல் ஃபோன். 

"எப்படிடி இருக்க? சாப்பாடெல்லாம் ஒழுங்கா இருக்கா?"

"நல்லா இருக்கேன் அண்ணி. நீங்க ஓடி முடிச்சிட்டீங்களாமே, ஸ்டேட்டஸ்ல பாத்தேன்."

"முடிச்சிட்டேன்டி. நீ இல்லாம ரொம்ப கஷ்டப்பட்டுட்டேன்."

 அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள். "அண்ணி, நீங்கதான் ஆசப்பட்ட மாதிரி ஓடி முடிச்சிட்டீங்கல்ல. இனிமே எதுக்கு அண்ணி? அவங்கம்மா இறங்கி வந்திருக்காங்க. எங்கள வூட்ல சேத்துக்கறாங்களாம். 'உன் அண்ணி மட்டும் ஓடறத நிறுத்திடட்டும், மத்தத பேசிக்கலாம்'னு சொல்றாங்களாம்."

"இத நீ சொல்றியா, அவன் சொல்ல சொன்னானா?"

"அவருதான் சொன்னாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நானும்தான் அண்ணி" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கால்களைப் பக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டேன். கழுவாத காபி டம்ளர், வாசலில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டம், ஷூ மேல் விழுந்த எச்சில், எதுவும் இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.

"ஓடிப்போனது நீ. நிக்க வேண்டியது நானாடி?" என்று கேட்டேன்.

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பின்னாலிருந்து அந்தப் பையனின் குரல் கேட்டது, வாயில் எதையோ மென்றுகொண்டே.

"இன்னாவாம்? ஒத்துகினாங்களா?"